பல் பட்ட கை

யாரையாவது முகத்தில் குத்தியதில் உங்கள் விரல் முட்டியின் மேல் தோல் கிழிந்திருந்தால், இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தைப் பத்து நிமிடம் கழுவுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காயம் அரிசி நீளம்தான் இருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது, வலிகூட இல்லை என்றாலும் அன்றைக்கே போக வேண்டும். மீதியை ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நாய் கடித்தால் தெருவே பதறுகிறது. பாம்பு கடித்தால் உடனே 108-க்கு ஃபோன் போகிறது. மனிதப் பல் பட்ட காயத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. கையில் வரும் தொற்றுகளில் ஒரு விரலை நிரந்தரமாக முடக்கிப் போடக்கூடியவற்றில் இது முக்கியமானது. சிகாகோவைச் சேர்ந்த மேசன், கோக் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1930இலேயே மனிதக் கடியால் கையில் வரும் தொற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. விரலை வெட்டி எடுப்பதில்தான் பல கைகளின் வைத்தியம் முடிந்தது. இன்று மருந்து இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது, அதுவும் ஆவடி, அம்பத்தூர் போன்ற நம் ஊர்களிலிருந்து ஒரு ரயில் டிக்கெட் தூரத்தில், சென்னையில் இலவசமாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் விரல்கள் போவதற்குக் காரணம், காயம்பட்டவர் இரண்டு மூன்று நாள் கழித்து வருவதும், வந்த பிறகும் நடந்ததை மறைப்பதும்தான்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது

வலது கையை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். நடுவிரல் முட்டி துருத்தி நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது விரல்களை நன்றாக நீட்டுங்கள். புள்ளி முட்டியை விட்டு மணிக்கட்டுப் பக்கமாக நகர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். தோலுக்கு அடியில் விரலை நீட்டும் தசைநாண் ஓடுகிறது. அது தோலைவிட இன்னும் அதிக தூரம் பின்னால் போகும். அதற்குக் கீழே மூட்டை மூடியிருக்கும் மெல்லிய உறை. அதையும் தாண்டினால் எலும்பின் முனையில் குருத்தெலும்பு. முஷ்டி பிடித்த நிலையில் தோலிலிருந்து மூட்டின் உட்புறம் வரை சில மில்லிமீட்டர்தான்.

குத்து வாயில் விழும்போது எதிராளியின் முன்பல் இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் துளைத்துவிடுகிறது. சண்டை முடிந்து கையை விரித்ததும் தோல், தசைநாண், மூட்டு உறை ஆகிய மூன்றிலும் விழுந்த ஓட்டைகள் மூன்று வேறு இடங்களுக்கு நகர்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று வந்து மூடிக்கொள்கிறது. மேலே பார்த்தால் ஒரு சின்னக் கீறல். உள்ளே, காற்றுப் புகாத மூட்டுக்குள், எச்சிலில் வந்த கிருமிகள் அடைபட்டிருக்கின்றன. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் சுமார் பத்துக் கோடி பாக்டீரியா இருக்கும். காற்று இல்லாத இடத்தில்தான் அவற்றில் பல செழிக்கும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே சுலபமாகப் போய்ச் சேராது.

காயத்தைக் கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஆழம் தெரியாமல் போவது இதனால்தான். பார்க்கும் மருத்துவர் கையை முஷ்டி பிடிக்கச் சொல்லாமல் மருந்து எழுதினால், நீங்களே சொல்லுங்கள்: "சார், குத்தும்போது கை மூடியிருந்துச்சு. மூடிக் காட்டட்டுமா?"

சண்டைதான் வேண்டும் என்பதில்லை. கபடியில் ரெய்டு வந்தவரின் வாயில் பிடிக்கப் போனவரின் கை மோதும். கால்பந்தில் மோதும். வீட்டில் கோபத்தில் பிள்ளையின் வாயில் அடித்த அப்பாவின் கையிலும் பல் படும். அடித்தவருக்கும் காயம், அடிபட்ட பிள்ளைக்கும் காயம். அந்தச் சூழ்நிலையில் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்படுகிறார். இரண்டு பேரையும் காட்ட வேண்டும்.

"சுவத்துல இடிச்சுக்கிட்டேன்"

இந்த ஒரு வாக்கியம் அழித்த விரல்கள் அதிகம்.

"என்னப்பா ஆச்சு கைக்கு?"

"சுவத்துல இடிச்சுக்கிட்டேன் சார்."

"எப்போ?"

"முந்தாநேத்து."

அவசரப் பிரிவில் கூட்டம் நெரியும்போது, சுவரில் இடித்த கைக்கு ஒரு டி.டி. ஊசியும் வலி மாத்திரையும் கிடைக்கும். பல் பட்ட கைக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் அது இல்லை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இதே கதை வேறு வடிவில் வரும்: "லேத்துல பிசிறு குத்திருச்சு." மெஷின் வேலை பார்ப்பவரின் கையில் கிரீஸும் சின்னச் சின்ன வெட்டுகளும் எப்போதும் இருக்கும் என்பதால் அந்தப் பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை. சொன்னால் வேலை போய்விடும், போலீஸ் வரும், வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆவடியில் நான்கு பேராக ஓர் அறையில் தங்கி ஒப்பந்த வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளிக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். மொழியும் தெரியாது, துணைக்கு ஆளும் இல்லை. அவரோடு வேலை செய்யும் சூப்பர்வைசர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால், அவரை நீங்களே கூட்டிப் போங்கள். தனியாக அனுப்பினால் மெடிக்கல் ஷாப்போடு திரும்பிவிடுவார்.

உண்மையைச் சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணம் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறது. மனித வாயில் குடியிருக்கும் ஐக்கினெல்லா கொரோடென்ஸ் என்ற பாக்டீரியா, குத்துக் காயங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் காணப்படுகிறது. மெதுவாக வளரும். வளர்வதற்கு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்த காற்றுத் தேவை. பரிசோதனைக்கூடத்தில் கிருமியை வளர்க்கும் தட்டில், வளர்ந்த இடத்தை அரித்துக் குழியாக்கும், பிளீச்சிங் வாடை அடிக்கும். இது மனிதக் கடி என்று சீட்டில் எழுதி அனுப்பினால்தான் பரிசோதனைக்கூடத்தில் அதைத் தேடி, தட்டைக் கூடுதல் நாள் வைத்திருந்து பார்ப்பார்கள். சுவர் என்று எழுதினால் இரண்டாவது நாளே 'கிருமி இல்லை' என்று முடிவு வந்துவிடக்கூடும்.

போலீஸ் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அடிதடிக் காயம் என்றால் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்று சொல்வது அதைத்தான். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். ஆனால் அதற்காக வைத்தியம் நிற்கக் கூடாது. முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறைகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் அது பொருந்தும். வழக்கை ஒரு மாதம் கழித்துக்கூடப் பேசி முடிக்கலாம். மூட்டுக்குள் சீழ் ஒரு வாரம் நின்றால் அந்த மூட்டு திரும்ப வராது.

முதல் ஒரு மணி நேரம்

தண்ணீரும் சோப்பும் போதும். குழாய்த் தண்ணீர் சுத்தமாக இல்லை என்று தோன்றினால் கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்த டிரம்முக்குள் கையை விட்டு அலசாதீர்கள். தண்ணீர் மேலிருந்து விழுந்து ஓட வேண்டும். டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க நுரைக்க விடுவது இரண்டும் நல்ல தசையையும் சேர்த்துப் பொசுக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள், பற்பசை, சாம்பல், பச்சிலை எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது. உள்ளே இருக்கும் கிருமி வெளியே வரத்தான் வழி வேண்டும். இவை எல்லாம் வாசலை அடைத்துவிடுகின்றன. காயத்தை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது உங்கள் எச்சிலையும் சேர்த்து உள்ளே ஏற்றும்.

பல்லின் துண்டு காயத்தில் தெரிந்தால் தோண்டி எடுக்க முயல வேண்டாம். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மோதிரம், காப்பு, வாட்ச், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இரவில் படுக்கும்போது சாதாரணமாக இருந்த விரல் காலையில் மோதிரத்தைச் சுற்றிப் பிதுங்கி நிற்கும். அப்புறம் ரத்த ஓட்டம் நின்று விரல் நுனி கறுக்கத் தொடங்கிவிடும். சோப்போ தேங்காயெண்ணெயோ தடவி, கையைத் தலைக்கு மேல் ஐந்து நிமிடம் தூக்கி வைத்திருந்து, திருகினாற்போல் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லை என்றால் வெட்டச் சொல்லுங்கள். கல்யாண மோதிரம் என்று தயங்க வேண்டாம். வெட்டிய மோதிரத்தைப் பத்தர் ஒட்டித் தந்துவிடுவார். கயிற்றைக் கத்தரித்தால் சாமி குற்றம் ஆகாது. வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது ஒன்றும் சாப்பிடாமல் போவது நல்லது. மூட்டைத் திறந்து கழுவ வேண்டியிருந்தால் மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம். மருந்து போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் அங்கே சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கே போவது

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல் கழுவல், ஊசி, எக்ஸ்ரே இவற்றுக்கு அங்கே போகலாம். மூட்டு திறந்திருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் அவர்களே மேலே அனுப்புவார்கள். பூந்தமல்லியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போகும் தூரம்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையே அதன் வாசலுக்குக் கொண்டுபோய் விடும். ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உண்டு.

கைக்கென்றே ஒரு நிலையம் வேண்டும் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை அங்கே இருக்கிறது. நாட்டில் கைக்கு மட்டும் தனியாக ஆராய்ச்சியும் மறுவாழ்வும் நடக்கும் அரசு நிலையமாக வளர்ந்திருக்கிறது. 2018இல் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு இறந்தவர் கொடுத்த கைகளைப் பொருத்தியது அங்கேதான். ஆவடியிலோ அம்பத்தூரிலோ கடற்கரை போகும் லோக்கல் ரயிலில் ஏறி வண்ணாரப்பேட்டையிலோ இராயபுரத்திலோ இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று குழப்பமாக இருந்தால் மருத்துவ உதவி எண் 104-க்கு ஃபோன் செய்து கேட்கலாம். கை வீங்கி, காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 108.

ஒரு இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். திருவள்ளூர், திருநின்றவூர், பூந்தமல்லிச் சாலைகளில், எலும்பு முறிவுக்கு நாட்டு முறையில் கட்டுப் போடும் புத்தூர் கட்டுக்காரர்களின் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். குத்திய கையில் முட்டி வீங்கினால் எலும்பு உடைந்திருக்கும் என்று நினைத்து நேராக அங்கே போகிறவர்கள் உண்டு. எலும்பு உடைந்தும் இருக்கலாம். ஆனால் மேலே தோல் கிழிந்திருந்தால் அது வெறும் எலும்பு முறிவு இல்லை. வாய்க் கிருமி நிறைந்த மூட்டின் மேல் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டைப் பிரிக்கும்போதுதான் சீழ் தெரியும்.

அங்கே என்ன செய்வார்கள்

எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு முறிவு, உள்ளே மாட்டிய பல் துண்டு, தசைக்குள் வாயு இவற்றைப் பார்க்க அது வேண்டும். பல் மூட்டைத் தொட்டிருக்கும் என்று தோன்றினால் அக்குள் அல்லது கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்து, காயத்தை மேலும் கீழும் நீட்டித் திறந்து, முஷ்டி பிடித்த நிலையில் தசைநாணையும் மூட்டு உறையையும் பார்ப்பார்கள். மூட்டைத் திறந்து சலைன் தண்ணீரை லிட்டர் கணக்கில் விட்டுக் கழுவுவார்கள். அரிசி நீளக் காயத்தோடு உள்ளே போனவர் மூன்று அங்குல வெட்டோடு வெளியே வருவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் பதறுவது உண்டு. விரலைக் காப்பாற்றும் வெட்டு அது.

இன்னொரு சண்டையும் வரும்: "ஏன் சார் தையல் போடல? இவ்வளவு பெரிய காயத்தை அப்படியே விட்டுட்டீங்களே?" கையில் பட்ட மனிதக் கடிக்குத் தையல் போடக் கூடாது. தைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். திறந்தே விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி கழுவி, சுத்தமான பிறகுதான் மூடுவார்கள். பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். அவசர அவசரமாகத் தைத்து அனுப்பும் கிளினிக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம் இல்லை.

பிறகு மாவுத் தப்பை கட்டுவார்கள். மணிக்கட்டு சற்றே பின்னால் நிமிர்ந்து, முட்டிகள் நன்றாக மடங்கி, விரல்கள் நேராக இருக்கும். விசித்திரமாகத் தெரியும் இந்த நிலையில்தான் மூட்டின் பக்கவாட்டுத் தசைநார்கள் நீண்டு நிற்கும், பின்னால் விறைக்காது. வசதியாக இல்லை என்று நீங்களே தளர்த்திக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை விஷயம்

மெடிக்கல் ஷாப்பில் "கை வீங்கியிருக்கு, ஏதாவது குடுங்கண்ணா" என்று கேட்டால் ஒரு செட் மாத்திரை கிடைக்கும். வலி மாத்திரை, வாயு மாத்திரை, ஏதோ ஓர் ஆன்டிபயாடிக், சில சமயம் ஒரு ஸ்டீராய்டு. வீக்கமும் வலியும் ஒரு நாள் அடங்கும். அந்த ஒரு நாளில் உள்ளே மூட்டு அரிக்கும்.

ஐக்கினெல்லாவுக்கு ஒரு குணம் உண்டு. தோல் தொற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செஃபலெக்சின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் இவற்றுக்கு அது அசையாது. பல் வலிக்குப் பழக்கப்பட்ட மெட்ரோனிடசோலும் தனியாக அதை ஒன்றும் செய்யாது. பெனிசிலின் வகைக்குக் கட்டுப்படும். ஆனால் காயத்தில் அதோடு கூட வாழும் மற்றக் கிருமிகள் பெனிசிலினைச் சிதைத்துவிடும். அதனால்தான் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்தை மருத்துவர்கள் முதலில் எடுக்கிறார்கள். தொற்று வராத புதுக் காயமாக இருந்தாலும், கை என்றால் முன்னெச்சரிக்கையாக மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயர்களை நான் எழுதுவது நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக அல்ல. சீட்டில் வேறு மருந்து இருந்தால் "மனுஷப் பல்லு பட்டது சார், அதுக்கு இது சரிவருமா?" என்று தைரியமாகக் கேட்பதற்காக. தொற்று உள்ளே இறங்கிய பிறகு எந்த மாத்திரையும் கழுவலுக்கு ஈடாகாது.

பிந்தி வந்தால்

இரண்டாம் நாள் முட்டி சிவந்து, சூடாகி, விண் விண்ணென்று தெறிக்கும். விரலை லேசாக அசைத்தாலே உயிர் போகும். காயத்திலிருந்து கலங்கிய நாற்றமான நீர் கசியும். முழங்கைப் பக்கமாகச் சிவப்புக் கோடு ஏறும், அக்குளில் நெறி கட்டும், குளிர் காய்ச்சல் வரும். இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடும். வலி குறைவாகத் தெரியும், சீழ் வேகமாகப் பரவும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு மேல், சர்க்கரை நோய் இருக்கிறது. நகர்ப்புறத்தில் இன்னும் அதிகம். தனக்கு இருப்பதே தெரியாமல் கைத் தொற்றோடு வந்து, அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் முதல்முறையாகத் தெரிந்துகொள்பவர்களும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுப்பவரிடம் கைக் காயத்தைக் காட்டுங்கள். அவர் சரியான இடத்துக்கு அனுப்புவார்.

விரலைக் கடித்தால்

இதுவரை சொன்னது குத்திய கை. உண்மையாகவே பல்லுக்கு நடுவில் விரல் மாட்டிக்கொள்வது வேறு. நம் ஊரில் அது அதிகம் நடப்பது நல்லெண்ணத்தில். யாருக்காவது வலிப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று பக்கத்தில் இருப்பவர் வாய்க்குள் விரலை விடுகிறார். தாடை இறுகும்போது அந்த விரலை எடுக்கவே முடியாது. எலும்புவரை இறங்கிவிடும். வலிப்பு வந்தவரின் வாயில் விரல், கரண்டி, துணி எதையும் வைக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் பயன் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருக்கும் கல்லையும் வண்டியையும் நகர்த்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

மறதி நோயுள்ள மாமியாருக்குச் சோறு ஊட்டும் மருமகள், சிறப்புப் பள்ளி ஆசிரியை, வீட்டில் நோயாளியைப் பார்க்கும் உதவியாளர் ஆகியோரின் விரல்களும் இப்படித்தான் காயப்படுகின்றன. கடித்தவர் மேல் கோபம் வராது என்பதாலேயே அவர்கள் காயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். வேலையில் பட்ட காயம் அது, சொல்லுங்கள்.

விரலின் உள்ளங்கைப் பக்கம் பல் இறங்கினால் மடக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்கும் நான்கு அடையாளங்களைச் சிகாகோ மருத்துவர் கனவல் சொல்லிச் சென்றார். அவரது கைத் தொற்று நூல் 1912இல் வந்தது. விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கும். பாதி மடங்கிய நிலையிலேயே நிற்கும். உறை ஓடும் வழி நெடுக அழுத்தினால் வலிக்கும். விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாது. நூறு வருடம் கடந்தும் மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைத்தான் படிக்கிறார்கள். இந்த நான்கில் இரண்டு தெரிந்தாலே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

அங்கன்வாடிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வதில் பெரும்பாலும் தோல் கிழியாது. பல் தடம் மட்டும் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ரத்தம் வந்திருந்தால் காட்டுங்கள்.

நகம் கடிப்பதும் தன் கையைத் தானே கடிப்பதுதான். நகக்கண்ணில் எச்சிற்கிருமி புகுந்து நகச்சுத்து வரும். பச்சிளங்குழந்தையின் நகத்தைப் பாட்டி வாயால் கடித்து எடுப்பது பாசமாகத் தெரியும். குழந்தை நகவெட்டிக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்தைத் தொப்பி போல மாட்டிக்கொள்வது நம் வீட்டு வழக்கம். ஆரம்ப நிலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது அதைவிட மேல். சீழ் கட்டிவிட்டால் ஊசியால் வீட்டில் குத்தாதீர்கள். நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து எரிந்தால் அது அக்கிக்கு உறவான ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், அதைக் கீறவே கூடாது.

ஊசிகளும் பயங்களும்

மனிதர் கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்று கேட்பவர்கள் அதிகம். கடித்தவருக்கே ரேபிஸ் இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் ஒழிய வேண்டியதில்லை. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டதால் பாதுகாப்பாகிவிட்டோம் என்று மற்ற வைத்தியத்தை விடுவதுதான் ஆபத்து.

டெட்டனஸ் ஊசி ஐந்து வருடத்துக்குள் போட்டிருக்கவில்லை என்றால் போட வேண்டும். ஹெபடைடிஸ் பி-தான் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது. நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி வந்தது 2011 வாக்கில்தான் என்பதால் இன்றைய பெரியவர்கள் பலர் போட்டுக்கொள்ளாதவர்கள். கடித்தவர், கடிபட்டவர் இருவருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கடித்தவரின் வாயில் உங்கள் ரத்தமும் போயிருக்கிறது அல்லவா? எச்.ஐ.வி. எச்சிலால் பரவுவதில்லை. வாயில் ரத்தம் இருந்து தோலும் ஆழமாகக் கிழிந்திருந்தால் மட்டும், மிக அரிதாக, வாய்ப்பு உண்டு. அப்படிச் சந்தேகம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் பேர் வெளியே தெரியாமல் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில நாள் கையைத் தொங்கவிடக் கூடாது. படுக்கும்போது இரண்டு தலையணை மேல் வையுங்கள், அல்லது பழைய சேலைத் துண்டில் தொட்டில் கட்டிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள். டூவீலர் ஓட்ட வேண்டாம். கட்டு நனையக் கூடாது. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்தால், தகுதிக்கான சந்தாக் காலம் நிறைந்திருக்கும் பட்சத்தில், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். கூலி போய்விடுமே என்று கட்டோடு லேத் முன்னால் நிற்க வேண்டாம்.

வீக்கமும் சீழும் அடங்கியதும் விரல் பயிற்சி தொடங்கும். இதைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். காயம் ஆறிவிட்டது, இனி எதற்கு அலைவது என்று. மூட்டு விறைத்து, தசைநாண் தோலோடு ஒட்டிக்கொண்டு, முஷ்டி பிடிக்க முடியாத கை அப்போதுதான் உருவாகிறது. ஸ்பேனரைப் பிடிக்க முடியாத ஃபிட்டர், ஊசி கோக்க முடியாத தையல்காரர் என்று அந்த ஒரு விரல் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே பாதிக்கும். பயிற்சியில் வலிக்கத்தான் செய்யும். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து ஒரு நாளைக்குப் பலமுறை, சிறுகச் சிறுக மடக்கி நீட்ட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் இதற்குக் காசு கிடையாது. கொடுத்த தேதியில் போய் நில்லுங்கள்.